சுவருக்கு எத்தனை பக்கம்? கட்டட மாடல் எனர்ஜி மாடல் ஆகிற கதை

இந்த எபிசோடு கொஞ்சம் நீளமாப் போச்சு. எழுத்துக்குக் கொண்டு வரும்போது என்னோட "ஆக்சுவலி"களையும் நடுவுல வந்த குக்கர் விசிலையும் வெட்டிட்டேன். மத்தபடி பேசினது பேசினபடிதான்.

போன வருஷம் என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி போன் பண்ணா. ஆர்க்கிடெக்ட். சென்னைக்கு வெளியே ஒரு ஆபீஸ் கட்டடம் டிசைன் பண்ணிட்டு இருந்தா. தரைத்தளம், மேல ரெண்டு மாடி. "ரெவிட்ல மாடல் ரெடியா இருக்குடா. அதை எனர்ஜிபிளஸ்ல ஓடுற மாதிரி கன்வர்ட் பண்ணிக் குடு. உனக்கு ஒரு சனி ஞாயிறு வேலை"ன்னா. நானும் நம்பிட்டேன். வேர்டு ஃபைலை பிடிஎஃப் ஆக்குற மாதிரிதானேன்னு நினைச்சேன்.

அஞ்சு வாரம் ஆச்சு. அஞ்சாவது வாரம் ஒரு பதில் வந்தது. எரர் இல்லாம, சுத்தமா, அழகா ஒரு தப்பான பதில். அந்தப் பதிலை வெச்சு அந்தக் கட்டடத்தோட மொட்டை மாடி இன்சுலேஷனையே பட்ஜெட்ல இருந்து தூக்க இருந்தாங்க.

முதல்ல, எனர்ஜிபிளஸ்னா என்ன? அமெரிக்க எரிசக்தித் துறை காசு போட்டு உருவாக்கின ஒரு சிமுலேஷன் மென்பொருள். 2001-ல முதல் வெளியீடு. அதுக்கு முன்னாடி இருந்த டிஓஇ-2, பிளாஸ்ட்னு ரெண்டு பழைய புரோகிராம்களோட வாரிசு. இலவசம், ஓப்பன் சோர்ஸ். கட்டடத்தோட விவரத்தையும் அந்த ஊரோட ஒரு வருஷ வானிலை ஃபைலையும் குடுத்தா, 8,760 மணி நேரத்துக்கும் உள்ளே எவ்வளவு சூடு, ஏசி எவ்வளவு வேலை செய்யணும்னு கணக்குப் போட்டுக் குடுக்கும். நம்ம ஊர்ல இது யாருக்கு வேணும்னா, இசிபிசின்னு ஒரு கோடு இருக்கு, எனர்ஜி கன்சர்வேஷன் பில்டிங் கோடு. 2007-ல வந்தது, 2017-ல புதுப்பிச்சாங்க. பெரிய வணிகக் கட்டடங்களுக்கானது. "என் கட்டடம் இந்தக் கோடுக்கு ஒத்துப்போகுது"ன்னு நிரூபிக்க ஒரு வழி, முழுக் கட்டடத்தையும் சிமுலேட் பண்ணிக் காட்டுறது.

சரி, ஆர்க்கிடெக்ட்கிட்ட முப்பரிமாண மாடல் இருக்கு. எனர்ஜிபிளஸுக்கும் முப்பரிமாண மாடல்தான் வேணும். அப்புறம் என்ன பிரச்சனை?

பிரச்சனை என்னன்னா, ரெண்டும் ஒரே கட்டடத்தைப் பத்தின மாடல் இல்ல. ஆர்க்கிடெக்டோட மாடல்ல இருக்கிறது பொருட்கள்: சுவர், தூண், தளம், கதவு, கைப்பிடி. கட்டணும், வாங்கணும், எண்ணணும், அதுக்கான மாடல் அது. எனர்ஜிபிளஸுக்கு அந்தப் பொருள் எதுவும் வேண்டாம். அதுக்கு வேண்டியது பொருட்களுக்கு நடுவுல இருக்கிற காத்து. ஒரு ரூம் காத்து, அதைச் சுத்தி தடிமனே இல்லாத சில தகடுகள், ஒவ்வொரு தகடுக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு வரி. அந்தக் காத்து மூட்டைக்கு ஸோன்னு பேரு. சுவரோட தடிமன் வரைபடத்துல இருக்காது. "இந்தத் தகடு 230 மில்லிமீட்டர் செங்கல், ரெண்டு பக்கமும் பூச்சு"ன்னு தனியா எழுதி வெச்சிருக்கும். வெப்பம் அந்தத் தகடு வழியா நேரா உள்ளே வரும், இல்ல வெளியே போகும். பக்கவாட்டுல ஓடாதுன்னு வெச்சுக்கும்.

அதனால கன்வர்ட் பண்றதுன்னா கட்டடத்தையே உள்ளே வெளியே திருப்பிப் போடுற வேலை. சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி புரட்டுவோம்ல, அந்த மாதிரி.

ஒரு சுவரை எடுத்துக்குங்க. தெற்குப் பக்கம் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரே வெளிச் சுவர். ரெவிட்ல அது ஒரு பொருள், ஒரு ஐடி. ஆனா அந்தச் சுவருக்கு உள்பக்கம் மூணு ரூம் இருக்கு. வெப்பத்தைப் பொறுத்தவரை அது மூணு சுவர். மேல்மாடித் தரைக்கும் இதே கதை. கீழே ஒரு பெரிய ஹால், மேலே ரெண்டு கேபின், ஒரு காரிடார்னா, ஹாலோட கூரையை மூணா வெட்டணும். வெட்டின ஒவ்வொரு துண்டுக்கும் மேல இருக்கிற ரூமோட தரைல ஒரு ஜோடித் துண்டு இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே பரப்பளவு, எதிரெதிர் திசை.

இதை உலகம் முன்னாடியே யோசிச்சிருக்கு. ஐஎஃப்சின்னு கட்டட மாடல்களுக்கு ஒரு பொது ஃபார்மேட் இருக்கு. 2013-ல ஐஎஸ்ஓ 16739-ங்கிற தரமா ஆச்சு. அதுக்குள்ள "ஸ்பேஸ் பவுண்டரி"ன்னு ஒரு கருத்து இருக்கு. அதுல முதல் நிலைன்னா, இந்த ரூமை இந்தச் சுவர் தொடுதுன்னு மட்டும் சொல்லும். இரண்டாம் நிலைன்னா, அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னும் பார்த்து, அதுக்கேத்த மாதிரி வெட்டிக் குடுக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஜிபிஎக்ஸ்எம்எல்னு இன்னொரு ஃபார்மேட், 2000 வாக்குல வந்தது, எனர்ஜி வேலைக்குன்னே உருவாக்கினது. ரெவிட் ரெண்டையுமே எக்ஸ்போர்ட் பண்ணும். பட்டனை அமுக்கினா ஃபைல் வரும். அதுக்குள்ள இருக்கிறது சரியாங்கிறதுதான் கேள்வி.

நான் ஐஎஃப்சி எடுத்துக்கிட்டு பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிச்சேன். ஆரம்பத்துல வந்த தப்பெல்லாம் காமெடி ரகம். ரெவிட் உள்ளுக்குள்ள எல்லா நீளத்தையும் அடியிலதான் வெச்சிருக்கும். நமக்குத் திரையில மீட்டர்னு காட்டும்; ஆனா வேற வழியா எண்ணை உருவினா அடிதான் வரும். அவ ஆபீஸ்ல ஏற்கெனவே உருவி வெச்சிருந்த ஒரு ரூம் பட்டியலை நான் மீட்டர்னு நினைச்சு எடுத்துக்கிட்டேன். பத்தடி ரூம் பத்து மீட்டர் ரூம் ஆயிடுச்சு. கொள்ளளவு 35 மடங்கு. கல்யாண மண்டபம் சைஸ்ல ஒரு பேன்ட்ரி. இதெல்லாம் பார்த்த உடனே தெரிஞ்சுடும், அதனால பயமில்ல.

அடுத்தது திசை. எனர்ஜிபிளஸ்ல ஒரு தகட்டை அதோட மூலைப் புள்ளிகளை வரிசையா எழுதித்தான் சொல்லணும். வெளியே நின்னு பார்த்தா கடிகாரத்துக்கு எதிர்ச்சுத்தா வரணும்னு விதி வெச்சா, எல்லாம் அப்படித்தான் வரணும். ஒரு சுவருக்கு வரிசை தலைகீழா போச்சுன்னா, மேற்குச் சுவர் கிழக்கைப் பார்க்கும். சாயங்கால வெயில் விழ வேண்டிய சுவர்ல காலை வெயில் விழும். அதோட, ஆர்க்கிடெக்ட் வரையும்போது வசதிக்காகக் கட்டடத்தை நேரா நிமிர்த்தி வெச்சு வரைவாங்க. உண்மையான வடக்கு எந்தப் பக்கம்னு தனியா ஒரு கோணம் இருக்கும். இந்தக் கட்டடம் 30 டிகிரி திரும்பி இருந்தது. நான் பிளஸ் போட வேண்டிய இடத்துல மைனஸ் போட்டு, மொத்தம் 60 டிகிரி தள்ளி நிக்க வெச்சுட்டேன். நல்லவேளை, ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சேன்.

இன்னொன்னு, சுவரோட தடிமன் எங்கே போகும்ங்கிறது. தகடுக்குத் தடிமன் கிடையாதுன்னு சொன்னேன்ல? அப்போ அந்தத் தகட்டைச் சுவரோட உள்பக்கத்துல வைக்கிறதா, நடுக்கோட்டுல வைக்கிறதா? உள்ளளவு மூணுக்கு மூணு மீட்டர் ரூம்னா பரப்பு 9 சதுர மீட்டர். ஒன்பது இஞ்ச் சுவரோட நடுக்கோட்டுல வெச்சா 3.23-க்கு 3.23, அதாவது 10.4 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 16 சதவீதம் அதிகம். "சதுர மீட்டருக்கு இத்தனை வாட் லைட்டு"ன்னு கணக்குப் போட்டா, லைட்டும் 16 சதவீதம் ஏறிடும். சின்ன ரூம் நிறைய இருக்கிற கட்டடத்துல இது நல்லாவே உறைக்கும். இதுல சரி தப்புன்னு ஒண்ணு இல்ல. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணி, அதை எழுதி வைக்கணும், அவ்வளவுதான்.

ஜன்னல் பத்தி வேகமா சொல்லிடறேன். ரெவிட் ஜன்னல்ல ஃப்ரேம், ரப்பர், தாழ்ப்பாள் எல்லாம் இருக்கும். எனர்ஜிபிளஸ்ல ஒரு கண்ணாடிக்கு அதிகபட்சம் நாலு மூலை. வளைவு ஜன்னல் வெச்சிருந்தீங்கன்னா, அதே பரப்பளவுள்ள ஒரு செவ்வகமா மாத்திக்க வேண்டியதுதான். அழகா டிசைன் பண்ணவங்களுக்கு மனசு வலிக்கும், வெப்பத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்ல.

அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல விளாடிமிர் பஸ்யானாக்னு ஒருத்தர் இதைப் பத்தியே பல வருஷம் எழுதியிருக்கார். அவரோட வாதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே கட்டடத்தை ரெண்டு பேர் கையால எனர்ஜி மாடலா மாத்தினா, ரெண்டு வேற வேற மாடல் வரும். ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற இடத்துல யூகம் பண்ணியிருப்பாங்க, அதை எங்கேயும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. அதனால விதிகளை வெளிப்படையா எழுதி, மெஷினே மாத்தணும்ங்கிறார். எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. ஆனா ஒண்ணு, விதியை எழுதறதும் யூகம் பண்றவன்தான். நான் எழுதின விதிக்கு வருவோம்.

ரூமோட ஒவ்வொரு முகத்துக்கும் என் ஸ்கிரிப்ட் ஒரு கேள்வி கேட்கும்: "அந்தப் பக்கம் யாரு?" அதுக்கு முகத்துல இருந்து 300 மில்லிமீட்டர் வெளிப்பக்கமா போய்ப் பார்க்கும். ஒன்பது இஞ்ச் சுவர், பூச்சு எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். அங்கே இன்னொரு ரூம் இருந்தா, ரெண்டையும் ஜோடி சேர்க்கும். திறந்தவெளி இருந்தா வெளிச்சுவர். மண் இருந்தா தரை. மூணுமே இல்லைன்னா? அங்கேதான் ஒரு வரி எழுதினேன்: எதுவும் கிடைக்கலைன்னா அடியாபேட்டிக்னு வெச்சுக்கோ.

அடியாபேட்டிக்னா அந்தத் தகட்டைத் தாண்டி வெப்பம் போகவும் போகாது, வரவும் வராது. ரெண்டு பக்கமும் ஒரே வெப்பநிலையில இருக்கிற இடத்துக்கு இது நியாயமான யூகம்தான். லிஃப்ட் ஷாஃப்ட், டக்ட் போற சந்து, இந்த மாதிரி ரூம்னு யாரும் வரையாத மூலைகளுக்காக எழுதினேன். புரோகிராமருங்களுக்குப் புரியும், எக்செப்ஷனைப் பிடிச்சு "பாஸ்"னு எழுதிட்டுப் போவோம்ல, அதே ஜாதி.

ஸ்கிரிப்ட் ஓடிச்சு. எனர்ஜிபிளஸ் ஓடிச்சு. கடைசி வரியில "கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுல்லி"ன்னு வந்தது, சிவியர் எரர் பூஜ்யம். அஞ்சு வாரத்துக்கு அப்புறம் அந்த வரியைப் பார்த்தப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வராத குறை. ரிசல்ட்டை அவளுக்கு அனுப்பினேன். அவ கேட்டிருந்த கேள்விகள்ல ஒண்ணு, மொட்டை மாடில இன்சுலேஷன் போட்டா, போடாட்டி என்ன வித்தியாசம்ங்கிறது. என் பதில்: வருஷ ஏசி செலவுல ஒரு சதவீதம்கூட இல்ல.

ஒரு வாரம் கழிச்சு ராத்திரி போன். "டேய், ஓனர் சந்தோஷமா இருக்கார். இன்சுலேஷனை எடுத்துடலாம், சும்மா தட்டோடு போதும்ங்கிறார். நாளைக்கு மீட்டிங். நீ உன் நம்பரை நம்புறியா?"ன்னா.

நான் குடியிருக்கிறது மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு. மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டா அடுப்பு மேல இருந்து வர்ற மாதிரிதான் காத்து இறங்கும். அவ கேள்வி கேட்டப்போ நான் அந்த ஃபேனுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்து, மொத்தக் கட்டடக் கணக்கை விட்டுட்டு, மாடி வாரியா பார்த்தேன். முதல் மாடியும் மேல் மாடியும் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏசி சாப்பிட்டுது. சென்னையில மேல் மாடியில ஒரு கோடையைக் கழிச்ச யார்கிட்ட வேணா இதைக் காட்டுங்க, சிரிப்பாங்க.

நடந்தது இதுதான். ஆபீஸ் ரூம்ல எல்லாம் ஃபால்ஸ் சீலிங். மாடல்ல ரூமோட உயரம் ஃபால்ஸ் சீலிங்கோட முடிஞ்சுடுது, 2.7 மீட்டர். கான்கிரீட் தளம் 3.6-ல. நடுவுல 90 சென்டிமீட்டர், டக்டும் வயரும் போற இடம். அதை யாரும் ரூம்னு வரையல. ஏன் வரையப் போறாங்க, அங்கே யாரும் உக்காரப் போறதில்லையே. என் ஸ்கிரிப்ட் சீலிங்ல இருந்து மேல 300 மில்லிமீட்டர் போய்ப் பார்த்தது. ரூம் இல்ல, வானம் இல்ல, மண் இல்ல. அடியாபேட்டிக். அதாவது மேல் மாடி முழுக்க, வெப்பமே புகாத ஒரு மாயக் கூரை. கீழ் மாடிகள்லயும் இதேதான் நடந்தது. ஆனா அங்கே மேலயும் ஏசி, கீழயும் ஏசி, அதனால பாதிப்பு தெரியல. நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததும் கீழ் மாடியைத்தான்.

அப்போ அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் எங்கிருந்து வந்தது? டாய்லெட்லயும் படிக்கட்டு லாபிலயும் ஃபால்ஸ் சீலிங் கிடையாது. அங்கே மட்டும் நிஜக் கூரை இருந்தது. ரிசல்ட் சுத்தமா பூஜ்யமா இருந்திருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். கொஞ்சூண்டு மாறினதுதான் என்னை ஏமாத்துச்சு.

எவ்வளவு பெரிய தப்புன்னு ஒரு தோராயக் கணக்கு போடலாம். யூ வேல்யூன்னு ஒண்ணு இருக்கு: ஒரு சதுர மீட்டர் வழியா, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருதுன்னு சொல்ற எண். வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-ஐத் தாண்டும். இசிபிசி 2017 நம்ம சென்னை மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்ல கூரைக்குக் கேட்கிறது, பெரும்பாலான கட்டட வகைகளுக்கு, 0.33. 400 சதுர மீட்டர் கூரை, வெயில் பட்ட மேல்பக்கத்துக்கும் உள்ளுக்கும் 20 டிகிரி வித்தியாசம்னு வெச்சா, 3-க்கு 24 கிலோவாட். கிட்டத்தட்ட ஏழு டன் ஏசி. 0.33-க்கு 2.64 கிலோவாட், ஒரு டன்கூட இல்ல. என் மாடல்ல ரெண்டுக்குமே விடை பூஜ்யம். நிஜத்துல கான்கிரீட் சூட்டைப் பிடிச்சு வெச்சு மெதுவா விடும், ஃபால்ஸ் சீலிங்கும் கொஞ்சம் தடுக்கும், அதனால இவ்வளவு நேரடியா இருக்காது. ஆனா எந்தப் பக்கம் சாயுதுன்னு புரியும்.

அன்னைக்கு ராத்திரியே சரி பண்ண ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு, ரூமோட உயரத்தை 3.6-க்கு ஏத்தி விடுறது. சுலபம், ஆனா ஏசி குளிர வைக்க வேண்டிய காத்து அதிகமாயிடும், சீலிங்குக்கு மேல சூடா நிக்கிற காத்தும் ரூம் காத்தும் ஒண்ணாக் கலந்துடும். ரெண்டாவது, அந்த 90 சென்டிமீட்டரையே தனி ஸோனா உருவாக்குறது. மேல தளம், கீழ சீலிங், சுத்தி வெளிச்சுவர். நான் ரெண்டாவதை எடுத்தேன். அப்பதான் இன்னொன்னும் கண்ணுல பட்டுது: கட்டடத்தைச் சுத்தி ஒவ்வொரு மாடிலயும் அந்த 90 சென்டிமீட்டர் உயர வெளிச்சுவர் பட்டை மொத்தமும் என் பழைய மாடல்ல காணோம். கூரை மட்டும் போகல, வெளிச்சுவர்லயும் கால்வாசி போயிருந்தது.

விடியக்காலை நாலு மணிக்குப் புது ரிசல்ட் வந்தது. மேல் மாடி தனியா எகிறி நின்னுச்சு. இன்சுலேஷன் போட்ட மாடலும் போடாத மாடலும் இப்போ பார்த்த உடனே தெரியுற அளவுக்குப் பிரிஞ்சிருந்தது. அவளுக்கு அனுப்பிட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: போன வாரம் அனுப்பினது தப்பு, தப்பு என்னோடது. எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது.

இப்போ அந்த ஸ்கிரிப்ட்ல "எதுவும் கிடைக்கலைன்னா" வரியை எடுத்துட்டேன். எதுவும் கிடைக்கலைன்னா நிக்கும், ரூம் பேரைச் சொல்லும், நான் முடிவு சொல்ற வரைக்கும் நகராது. கடுப்பா இருக்கும், இருக்கட்டும். அதோட சிமுலேஷனை ஓட விடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன அட்டவணை அச்சாகும். மேல வெளியைப் பார்க்கிற கூரைப் பரப்பு எவ்வளவு, கட்டடம் மேல இருந்து பார்க்கத் தெரியுற பரப்பு எவ்வளவு; ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகணும். நாலு திசைக்கும் வெளிச்சுவர் பரப்பு, அதை எலிவேஷன் வரைபடத்தோட கால்குலேட்டர்ல தட்டிப் பார்க்கலாம். அடியாபேட்டிக் மொத்தம் எவ்வளவு சதுர மீட்டர்னு முதல் வரியிலேயே வரும். அன்னைக்கு இந்த வரி இருந்திருந்தா 400 சதுர மீட்டருக்கு மேல காட்டியிருக்கும்.

மீட்டிங்ல ஓனர் முகம் சுருங்கிடுச்சாம். "போன வாரம் ஒண்ணு சொன்னீங்க, இந்த வாரம் ஒண்ணு சொல்றீங்க, எதைத்தான் நம்புறது?"ன்னு கேட்டாராம். நியாயமான கேள்வி. இவ லேப்டாப்பைத் திறக்கவே இல்லையாம். "சார், உங்க வீட்ல மேல் மாடில மே மாசம் மத்தியானம் படுத்திருக்கீங்களா?"ன்னு கேட்டாளாம். இன்சுலேஷன் பட்ஜெட்ல நின்னுச்சு. போன மாசம் மொட்டை மாடியில ஷீட் விரிச்சு, அது மேல காங்கிரீட் போடுற போட்டோ ஒண்ணு அனுப்பினா. கீழே மெசேஜ்: "அடுத்த கட்டடத்துக்கு மாடல் ரெடி. ஒரு சனி ஞாயிறு வேலைதான்."